ஆறரை மணிக்கு மூடும் டே கேர்: ஓ.எம்.ஆர். அலுவலகக் குழந்தைக் காப்பகங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் டே கேர் தேடும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம். அடுத்து, சிசிடிவி உண்டா என்பது. அதற்கடுத்து சாப்பாடு. மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் டீம் லீட் பதவியிலிருந்து மேனேஜர் பதவிக்கு ஏறும் படியில் நிற்கும் பெண்ணுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மாலை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?

தரமணி டைடல் பார்க் தொடங்கி பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி சிப்காட் வரை ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் காப்பக வசதி மூன்று வகை. வளாகத்துக்குள்ளேயே நடத்துவது ஒன்று. வெளியே இருக்கும் மையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இரண்டாவது. 'நீங்களே பார்த்துச் சேருங்கள், ரசீது கொடுங்கள்' என்று மாதம் ஒரு தொகை தருவது மூன்றாவது. இந்த மூன்றையும்தான் இங்கே எடை போடுகிறோம். தனித்தனி மையங்களைப் பெயர் சொல்லித் தரம் பிரிக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்குள்ளேயே, அங்கே இருக்கும் ஆயாம்மாக்களைப் பொறுத்துத் தரம் தலைகீழாக மாறும்.

முதலில், உங்களுக்கு உரிமையாக வருவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த 50 பேரில் எத்தனை பேர் பெண்கள் என்ற கணக்கே கிடையாது. தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்து வரலாம். ஓய்வு நேரமும் அந்த நான்கில் அடக்கம். 2025 நவம்பர் 21 முதல் இந்த ஏற்பாடு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 50 பேர் என்ற வரம்பு அப்படியே தொடர்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தவும் அதில் இடம் உண்டு. மாதக் கட்டணத்தை யார் ஏற்பது என்று சட்ட வாசகம் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் இத்தனை வேறுபாடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் குறைந்தபட்ச வழிகாட்டுதல்களை வெளியிட்டது. குழந்தைக்கு வயது 6 மாதம் முதல் 6 வருடம் வரை. பணியிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் காப்பகம். மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், உதவிக்கு இன்னொருவர். ஒப்பந்த ஊழியர், தற்காலிக ஊழியர் பிள்ளைகளுக்கும் இடம். திறந்திருக்கும் நேரம் 8 முதல் 10 மணி நேரம். காலை எட்டரைக்குத் திறந்தால் பத்து மணி நேரம் ஆறரைக்கு முடிகிறது. தலைப்பில் இருக்கும் ஆறரை இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஷிஃப்ட் முறையில் வேலை நடக்கும் இடத்தில் காப்பகமும் அதற்கேற்ப இயங்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது. எச்.ஆரிடம் பேசும்போது இந்த வரிதான் கைகொடுக்கும்.

ஆறரை மணிக்கும் பதவி உயர்வுக்கும் என்ன சம்பந்தம்? கணினி நிரல் எழுதுபவர் தன் வேலையைப் பிள்ளை தூங்கிய பிறகும் முடித்துக்கொள்ளலாம். மேனேஜர் வேலையின் முக்கால் பங்கு, இன்னொருவர் நேரத்தில் ஆஜராக இருப்பது. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தால் அவருடைய காலை ஒன்பது, நமக்குக் கோடையில் மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பியதும் அதே அழைப்பு ஏழரைக்குப் போகும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியே இருக்கும். சிகாகோ என்றால் கோடையில் ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. கலிஃபோர்னியா என்றால் ஒன்பதரை, பத்தரை. அடுத்த பதவிக்கு யார் தயார் என்று மேலே இருப்பவர்கள் கணிப்பது மாதாந்திர ரிவ்யூ, எஸ்கலேஷன் (பிரச்சினை மேலிடம் வரை போவது) போன்ற இந்த அழைப்புகளில்தான். மூன்று முறை 'அழைப்பைக் கொஞ்சம் முன்னே தள்ள முடியுமா' என்று கேட்டவரின் அப்ரைசலில் 'கிடைக்கும் நேரம் குறைவு' என்று ஒரு வரி ஏறும். டே கேர் மூடும் நேரம்தான் அதற்குக் காரணம் என்று எந்தத் தாளிலும் இருக்காது.

ஆகவே எந்தப் பெண் எந்தக் கணக்கில், அதாவது எந்த நாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறார் என்பதை வைத்துத்தான் டே கேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லண்டன் காலை பத்து மணி நமக்குக் கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. ஜெர்மனி அதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். ஆறரைக்கு மூடும் காப்பகம் இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை பத்து என்றால் இங்கே ஏழரை. அவர்களுக்குச் சிக்கல் மூடும் நேரத்தில் இல்லை, திறக்கும் நேரத்தில். கலிஃபோர்னியாக் கணக்கு பார்க்கப் பயமாக இருந்தாலும், ஒன்பதரைக்குள் பிள்ளை தூங்கிவிடும் வீட்டில் நியூயார்க்கைவிடச் சமாளிக்க எளிது. மறுநாள் காலையை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் முடிவாகியிருக்க வேண்டும். இருப்பதிலேயே கடினம் நியூயார்க் நேரம். பிள்ளையை அழைத்து வருவது, சாப்பாடு, குளியல், அழைப்பு எல்லாம் ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் வந்து குவியும்.

வளாகத்துக்குள் இருக்கும் காப்பகம்

ஒரு வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு இதை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. தயங்காமல் முழு மதிப்பெண் தரலாம். லிஃப்டில் இறங்கி ஐந்து நிமிடத்தில் குழந்தை கையில். தாய்ப்பால் தொடர்கிறது. காய்ச்சல் என்று அழைப்பு வந்தால் மீட்டிங் அறையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நான்கு முறை பார்க்கும் உரிமை உண்மையிலேயே பயன்படும் ஒரே இடம் இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. பெரியது, பயணம். வீடு மேடவாக்கத்திலும் அலுவலகம் சிறுசேரியிலும் இருந்தால் குழந்தையும் தினமும் இரண்டு வேளை அந்தச் சாலையில் போய் வர வேண்டும். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. மெட்ரோ வேலை நடக்கும் பகுதிகளில் அந்தத் தூரத்துக்கு நேரக் கணக்கே சொல்ல முடியாது. கம்பெனி பஸ்ஸில் குழந்தையை ஏற்ற அனுமதி உண்டா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் சொந்தக் காரோ வாடகைக் காரோதான். அந்தச் செலவைக் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்தால், 'இலவச' காப்பகம் இலவசமாக இருக்காது.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. வளாகக் காப்பகத்தில் பிள்ளை இருந்தால் அலுவலகத்தில் எல்லோரும் தாயைத்தான் கூப்பிடுவார்கள். தந்தை வேறு நிறுவனத்தில் இருப்பார். 'நீ பக்கத்திலேயே இருக்கிறாயே' என்று எல்லாப் பொறுப்பும் ஒரு பக்கமாகச் சாயும். தந்தையின் அலுவலகத்தில் காப்பகம் இருந்து, குழந்தைக்கு ஒன்றரை வயதும் தாண்டிவிட்டால், பிள்ளையை அவருடைய ஊழியர் எண்ணில் சேர்ப்பதைத் தீவிரமாகப் பரிசீலியுங்கள். பார்த்து வரும் உரிமையைத்தான் சட்டம் தாய்க்கு என்று சொல்கிறது. காப்பக வசதியில் தந்தையருக்கு இடம் தருவதை அது தடுக்கவில்லை. தாயின் மாலை நேரத்தை மீட்டுத் தருவதில் இந்த ஒரு மாற்றத்துக்கு நிகராக வேறு எதுவும் கிடையாது.

ஒப்பந்த மையம்

பெரும்பாலும் ஏமாற்றம் தருவது இதுதான். 'காப்பக வசதி உண்டு' என்று ஆஃபர் லெட்டரோடு வரும் கையேட்டில் ஒரு வரி இருக்கும். மையமோ மூன்று கிலோமீட்டர் தள்ளி, யூ டர்ன் போட்டுப் போக வேண்டிய இடத்தில். 500 மீட்டர் என்றாலே நடக்க ஏழு நிமிடம், திரும்ப ஏழு நிமிடம், பாலூட்ட இருபது நிமிடம், லிஃப்டுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் பத்து நிமிடம். ஒரு முறை போய்வர முக்கால் மணி நேரம். நான்கு முறை என்றால் மூன்று மணி நேரம். மூன்று கிலோமீட்டர் என்றால் நான்கு முறை என்பது தாளில் மட்டும்தான். அலுவலகத்துக்கும் பக்கத்தில் இல்லாமல், வீட்டுக்கும் பக்கத்தில் இல்லாமல் இரண்டின் கெடுதலும் சேர்ந்து வரும். நிறுவனம் பாதிக் கட்டணத்தை ஏற்றாலும், வேறு வழி இருந்தால் இதைத் தவிர்க்கலாம். ஒப்பந்த மையத்தின் கிளை உங்கள் வீட்டுத் தெருப் பக்கத்திலேயே அமைந்தால் கதை வேறு.

தொகை வாங்கிக்கொண்டு வீட்டருகே சேர்ப்பது

அமெரிக்கக் கணக்கில் மேனேஜர் ஆகப் போகிறவருக்கு, குழந்தை ஒன்றரை வயதைத் தாண்டியிருந்தால், எங்கள் முதல் தேர்வு இது. காரணம் எளிது: வீட்டருகே இருந்தால் பிள்ளையை அழைத்து வர நான்கு பேர் கிடைப்பார்கள். அப்பா, தாத்தா, பாட்டி, அடுத்த ஃபிளாட் அக்கா. வளாகக் காப்பகத்துக்கு அடையாள அட்டை இல்லாத தாத்தா வாசல் வரைகூட வர முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள்ளே நடக்கும் சிறிய காப்பகங்கள் சில, பள்ளி விட்டு வரும் பெரிய பிள்ளைகளுக்காக எட்டு மணி வரைகூடத் திறந்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தாலே நியூயார்க் அழைப்புக்குப் போதும்.

கவனம் தேவைப்படுவது தரத்தில். இங்கே வழிகாட்டுதலை யாரும் வந்து சோதிப்பதில்லை. சோதனை முழுவதும் உங்கள் கையில். பணியாளர்களின் போலீஸ் சரிபார்ப்புச் சான்று, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி, தரைத்தளமா இல்லையா, மாடி என்றால் பால்கனிக்குக் கம்பி உண்டா, எல்லாவற்றையும் நீங்களேதான் பார்க்க வேண்டும். தொகை வரவில் தாமதம் இன்னொரு தொல்லை. மையம் முன்பணமாக மாதத் தொடக்கத்தில் வாங்கும். நிறுவனம் ரசீதுக்கு அடுத்த மாதச் சம்பளத்தோடு தரும். முதல் மாதம் சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், முதல் மாதக் கட்டணம் மூன்றும் ஒன்றாக வந்து விழும். ரசீதில் குழந்தை பெயர், மாதம், மையத்தின் முகவரி மூன்றும் இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களும் உண்டு. கட்டணச் சுமை இல்லாத நல்ல ஏற்பாடு. ஒரு நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் அளவு. அதுவும் பகலில் முடிந்துவிடும் என்பதால் ஐ.டி. வேலை நேரத்தோடு ஒத்துப்போகாது.

மாலை ஐந்தேகாலுக்குப் போய்ப் பாருங்கள்

எந்த வகையானாலும் காலை பத்து மணிக்குச் சுற்றிக்காட்ட அழைப்பார்கள். அந்த நேரத்தில் எல்லா மையமும் அழகாக இருக்கும். போக வேண்டியது வேலை நாளில் மாலை ஐந்தேகாலுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல். ஆயாம்மாக்களில் பாதிப் பேர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதி இருப்பவர்களை எண்ணுங்கள். இருக்கும் பிள்ளைகளையும் எண்ணுங்கள். காலையில் பத்துக்கு ஒருவர் என்று இருந்தது மாலையில் பதினெட்டுக்கு ஒருவர் என்று ஆகியிருந்தால், உங்கள் பிள்ளை கடைசியாகக் கிளம்பும் அந்த ஒன்றரை மணி நேரம் பாதுகாப்பானதல்ல. மேனேஜர் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைதான் அந்த நேரத்தில் அங்கே இருக்கும்.

அதே வேளையில் டயப்பர் மாற்றும் இடத்தைப் பாருங்கள். கை கழுவும் குழாய் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தூங்கும் விரிப்பு பிள்ளைக்கு ஒன்றா, பொதுவா? டிவி ஓடுகிறதா? ஓடினால் ஆள் பற்றாக்குறை என்று பொருள். ஜன்னலில் கொசுவலை உண்டா என்பதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். டெங்கு பகலில் கடிக்கும் கொசுவால் வருவது. சாப்பாட்டில் ஒரு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு உப்பு, சர்க்கரை, தேன் சேர்க்கக் கூடாது. பெரிய பிள்ளைகளின் இட்லி, பருப்பு சாதத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தால் உப்பும் சேர்ந்தே வயிற்றுக்குள் போய்விடும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை இரண்டும் நான்கு வயது வரை மூச்சுக்குழாயில் அடைக்கும் ஆபத்து உள்ளவை. இந்த இரண்டைப் பற்றிக் கேட்டதும் பொறுப்பாளர் தடுமாறாமல் பதில் சொன்னால் அந்த மையம் பயிற்சி கொடுத்திருக்கிறது என்று நம்பலாம்.

சிசிடிவி ஆப் பற்றி ஒரு வார்த்தை. இருப்பது நல்லது. நாள் முழுவதும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு யாராலும் வேலை பார்க்க முடியாது. தூங்கி எழும் நேரம் ஒன்று, மாலை நேரம் ஒன்று என இரண்டு வேளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதைவிடப் பயன் தருவது, எத்தனை மில்லி குடித்தது, எப்போது தூங்கியது, எத்தனை டயப்பர் என்று எழுதித் தரும் தினசரிச் சீட்டு. அந்தச் சீட்டு ஒரு வாரம் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி இருந்தால், யாரோ கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருக்கிறார்கள்.

இடைவெளி வாரங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் மீதி 18 வாரம். திரும்ப வேலைக்குச் சேரும்போது குழந்தைக்கு நான்கு மாதம் சொச்சம். காப்பகமோ ஆறு மாதத்திலிருந்துதான் சேர்த்துக்கொள்ளும். சில தனியார் மையங்கள் ஒரு வயது கேட்கும். நடுவில் எட்டு வாரம் அந்தரத்தில் தொங்கும். உடல்நிலை இடம் கொடுத்தால் பிரசவத்துக்கு முன் எடுப்பதைக் குறைத்து, பின்னால் நீட்டுங்கள். உடல்நிலைக்கு மேல் எதுவும் இல்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை அனுமதித்தால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கும் பிரிவைக் காட்டி, அந்த எட்டு வாரத்துக்கு மட்டும் தேதி போட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் மறுப்பது எளிது. தேதியோடு கேட்டால் சம்மதிப்பது எளிது.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு. குழந்தை ஒரு வயதில் காப்பகத்துக்கு வருகிறது, இந்த இடைவெளியே இல்லை. மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் அறிவித்ததும் சரியான இடத்தில் தொட்ட மருந்து. பதவி மூப்பில் பெண்கள் பின்தங்கியது அங்கேதான். தனியார் நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய.

சேர்ந்த உடனே முழு நாள் விடாதீர்கள். மையம் ஒத்துக்கொண்டால், வேலைக்குத் திரும்பும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் மூன்று நாள் தாயோடு ஒரு மணி நேரம். அடுத்த மூன்று நாள் தாய் வெளியே, குழந்தை இரண்டு மணி நேரம். இரண்டாவது வாரம் ஒரு தூக்கம் அங்கேயே. மூன்றாவது வாரம் அரை நாள். எட்டு மாதத்துக்கு மேல் குழந்தை தாயைப் பிரிய மறுத்து அழும் பருவம் தொடங்கிவிடுவதால், ஆறாம் மாதத்தில் பழக்குவது எளிது. முன்பே தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. காப்பகம் போன முதல் சில மாதங்களில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாறி மாறி வரும். முதல் சளியாவது நீங்கள் விடுப்பில் இருக்கும்போதே வந்து போகட்டும்.

பால்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய் இல்லாத நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 45 மி.லி. என்று கணக்கு வையுங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு 270 முதல் 400 மி.லி. இதை 60, 90 மி.லி. ஆகச் சிறு சிறு பாட்டில்களில் பிரித்து அனுப்புங்கள். குடித்து மீந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, கொட்டத்தான் வேண்டும். கறந்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும். சென்னையில் அந்த 25 டிகிரி ஏசி அறைக்குள்தான், ஆகவே வெளியே வைப்பதை மறந்துவிடுங்கள். ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். மையத்தின் ஃபிரிட்ஜில் பால் கதவுத் தட்டில் இருந்தால் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் சூடாவது அந்தத் தட்டுதான். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில்தான். பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதாத மையத்தில் ஒரு பிள்ளையின் பால் இன்னொரு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நிஜமானது.

பால் எடுக்கும் நேரத்தையும், போய்ப் பார்க்கும் நேரத்தையும் காலண்டரில் 11 மணி, மூன்றரை மணி என்று பூட்டி வையுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 'பிஸி' என்று மட்டும் போட்டால் போதும், விளக்கம் தேவையில்லை.

காய்ச்சல் நாளும் மழை நாளும்

இந்தச் சேவை முழுவதிலும் மிகப் பலவீனமான இடம் இதுதான். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் குழந்தையை அழைத்துப் போகச் சொல்வார்கள். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பச் சேர்ப்பார்கள். இந்த விதி சரியானது. இல்லாத மையத்தில் சேர்க்காதீர்கள். பிரச்சினை, அந்த இரண்டு மூன்று நாளை யார் எடுப்பது என்பதில். மையத்தின் படிவத்தில் 'முதலில் அழைக்க வேண்டிய எண்' என்ற கட்டம் இருக்கும். கேட்காமலே தாயின் எண்ணை எழுதிவிடுவார்கள். அதை நிரப்பும் நாளிலேயே திங்கள், புதன், வெள்ளி ஒருவர், செவ்வாய், வியாழன் மற்றவர் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் ரிவ்யூ விழும் நாளில் தந்தையின் எண் முதலில் இருக்கட்டும். நல்ல மையங்கள் இதை ஏற்கும்.

மழை விடுமுறை அடுத்தது. கலெக்டர் விடியற்காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தால் பல டே கேர்களும் மூடிவிடும், ஐ.டி. நிறுவனங்கள் 'வீட்டிலிருந்து வேலை' என்று மட்டும் சொல்லும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்ததை இந்தச் சாலையில் வாழ்பவர்கள் மறக்கமாட்டார்கள். டே கேரின் விடுமுறைப் பட்டியலையும் வாடிக்கையாளர் நாட்டு விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு மையம் நான்கு நாள் மூடியிருக்கும். அமெரிக்காவுக்குப் பொங்கல் கிடையாது. அப்படி மோதும் நாட்களுக்கு மட்டும் ஆள் ஏற்பாடு முன்கூட்டியே செய்துவிட்டால், ஆண்டில் பாதித் தலைவலி குறையும்.

காசு, கையெழுத்து

தாமதக் கட்டணத்தை அரை மணிக்கு ஒரு தொகை என்று வாங்குவார்கள்; ஐந்து நிமிடம் தாண்டினாலும் அரை மணிக் காசு. வாரத்தில் மூன்று நாள் தாமதமாகும் என்று தெரிந்தால், 'நீட்டித்த நேர' மாதக் கட்டணம் கேளுங்கள், பெரும்பாலும் மலிவாக வரும். கேட்டால்தான் சொல்வார்கள். பிள்ளை வராத நாளுக்குக் காசு திரும்பாது. விலக ஒரு மாத முன்னறிவிப்பு கேட்பது வழக்கம்; டெபாசிட் அப்போதுதான் திரும்பும், அதை எழுத்தில் வாங்குங்கள். யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்ற பட்டியலில் புகைப்படத்தோடு நான்கு பேர் இருக்கட்டும். தந்தை பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. மாதத்தில் பத்து நாளாவது அவர் வந்து அழைத்துப் போயிருக்க வேண்டும். அவசர நாளில் முதன்முறையாக வருபவரிடம் குழந்தை போகாது.

விடுப்புக்குப் போகும் முன் எச்.ஆரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை நான்கு: காப்பக வசதி எந்த வகை, எந்தத் தேதியிலிருந்து இடம், அப்ரைசல் ரேட்டிங் வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுமா, திரும்பும்போது அதே பொறுப்பா. விடுப்பில் இருக்கும்போது பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது என்பது சட்டம். அதுவரை செய்த வேலையின் சுய மதிப்பீட்டைக் கிளம்பும் முன்பே எழுதி, மேலாளரின் பதிலையும் மின்னஞ்சலில் பெற்றுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மேலாளரே மாறியிருக்கலாம்.

பதவி உயர்வு பேச்சு வரும்போது, 'எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது' என்று தொடங்காதீர்கள். 'ஆறே முக்காலிலிருந்து எட்டு வரை நான் இல்லை. எட்டுக்கு மேல் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு அழைப்பை என் லீட் நடத்துவார்' என்று அட்டவணையை வையுங்கள். லீட் ஒருவரை அந்த அழைப்புக்குத் தயார் செய்வதும் மேனேஜர் வேலைதான். பலர் அதைச் செய்வதே இல்லை.

திருப்பூர், கோவைப் பக்கம் ஆலைகளிலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. காப்பகம் ஆபரேட்டர் ஷிஃப்டோடு மூடும். சூப்பர்வைசர் மட்டும் உற்பத்திக் கணக்கு எழுதி, அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அந்த முக்கால் மணி நேரத்துக்குக் காப்பகம் இல்லாததால், தையல் வரிசை முழுக்கப் பெண்கள் இருந்தும் சூப்பர்வைசர் பதவியை வேண்டாம் என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. ஒரே ஒரு ஆயாம்மாவுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுத்தால் தீரும் விஷயம் இது.

முடிவாக எங்கள் தேர்வு இப்படி. குழந்தைக்கு ஒன்றரை வயது வரை, வாடிக்கையாளர் எந்த நாடாக இருந்தாலும், வளாகக் காப்பகம். ஒன்றரைக்கு மேல், ஐரோப்பியக் கணக்கென்றால் அதிலேயே தொடரலாம். அமெரிக்கக் கணக்கென்றால் வீட்டருகே, ஏழரைக்கு மேலும் திறந்திருக்கும், மாலையிலும் ஆள் குறையாத மையம். ஒப்பந்த மையத்தை 500 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் பாருங்கள். நியூயார்க் கணக்கில் இருப்பவர்கள், சேர்வதற்கு முன் மையத்தின் பொறுப்பாளரிடம் நவம்பர் முதல் வாரத்திலிருந்து ஏழே முக்கால் வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, பதிலைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் சேரும்போது எல்லாம் சரியாகவே இருக்கும்.